அப்பாவுக்கு மட்டும்

பொங்கல் விடுமுறை முடிந்ததும் சேலம், நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளில் ஆண்டு விழாக் காலம் தொடங்கிவிடும். பொதுத்தேர்வு நெருங்குவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் மார்ச் தொடக்கம் வரை சனிக்கிழமை மாலைகளில் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் ஷாமியானா போட்டிருக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, ஆண்டறிக்கை எல்லாம் முடிந்து எல்.கே.ஜி. பிள்ளைகளின் முதல் நடனத்துக்குத் திரை விலகும்போது ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு வரும்: "பெற்றோர் யாரும் மேடைக்கு முன்னால் வந்து செல்போனில் படம் எடுக்க வேண்டாம். பள்ளி சார்பில் போட்டோகிராபர் இருக்கிறார்." அறிவிப்பு ஓய்வதற்குள் முன்வரிசை எழுந்துவிடும். எல்லாக் கைகளிலும் செல்போன்.

பெற்றோர் படம் எடுக்கலாமா, கூடாதா என்பதை வெறும் ஒழுங்குப் பிரச்சினையாக முடித்துவிடுகிறவர்கள் உண்டு. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மறைக்கிறது, நேரில் பார்க்க வேண்டியதைத் திரையில் பார்க்கிறார்கள், எந்தக் கேமராவைப் பார்ப்பது என்று தெரியாமல் பிள்ளைகள் அடவை மறந்து நிற்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனாலும் இந்த மண்ணில் அந்தக் கைகள் ஏன் உயர்கின்றன என்று யோசிக்காமல் அவற்றை இறக்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நாமக்கல்லும் சங்ககிரியும் லாரியை நம்பி வாழும் ஊர்கள். திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் ஊர். இங்கிருந்து கிளம்பும் வண்டிகள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று நாடு முழுக்கத் துளை போடுகின்றன. லைனுக்குப் போன டிரைவர் வீடு திரும்ப வாரங்கள் ஆகும். போர் வண்டிக்குப் போனவர் வர மாதங்கள் ஆகும். பிள்ளைக்கு முதல் பல் விழுந்ததும், சைக்கிள் பழகியதும், ஓட்டப்பந்தயத்தில் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியதும் இங்கே எத்தனையோ அப்பாக்களுக்குப் போனில்தான் தெரிய வருகிறது.

ராசிபுரம் பக்கத்தில் ஒரு பள்ளி விழா. எனக்கு முன் வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து நின்று போனைத் தூக்கினார். வகுப்பாசிரியை ஓடி வந்தார்.

"உக்காருங்க, படமெல்லாம் எடுக்கக் கூடாதுங்க."

"மிஸ், இவிங்கப்பா லைனுக்குப் போயிருக்காருங்க. புள்ள ஆடறத ஒரு தடவகூட அவரு பாத்ததில்லைங்க. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறனுங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. மேடம் பாத்தா என்னைத்தான் திட்டுவாங்க." சொல்லிவிட்டு ஆசிரியை ஒரு கணம் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சரி, சட்டுனு எடுத்துட்டு உக்காருங்க."

எடுத்த படத்தை அந்த அம்மா எனக்கும் காட்டினார். மயில் வேஷம். காகித மகுடம் சரிந்து ஒரு காதின் மேல் உட்கார்ந்திருந்தது. அவருடைய மகள் ஆடிய வேகத்தில் கையும் முகமும் கலங்கிப் போயிருந்தன. கேமரா தெளிவாகப் பிடித்திருந்தது பக்கத்தில் அசையாமல் நின்றுவிட்ட இன்னொரு பிள்ளையின் முகத்தை. நெற்றிப் பொட்டு, உதட்டுச் சாயம், பயந்த கண்கள், கழுத்தில் தொங்கிய வகுப்புப் பெயர் அட்டை எல்லாம் அவ்வளவு துல்லியம். அந்த அம்மாவுக்கு அது கண்ணில் படவில்லை. அவர் பார்த்ததெல்லாம் மகளின் மகுடத்தைத்தான்.

படம் முதலில் கணவருக்குப் போனது. உடனே ஒரு குரல் செய்தி வந்தது, எங்கோ நெடுஞ்சாலையோரத்து இரைச்சலுக்கு நடுவே, "ஏ சாமி, மயிலு!" என்று ஒரு குரல். அதைக் கேட்டபோது அந்த விதியை மீறியது சரி என்றே பட்டது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பிறகு அதே படம் பங்காளிகள் குழுவுக்குப் போனது. பிறகு ஸ்டேட்டஸுக்கு ஏறியது. கட்டைவிரலை மூன்று முறை அழுத்தும் நேரம்தான்.

படம் ஒன்றுதான். ஆனால் முதலில் போனதும் கடைசியில் போனதும் ஒரே செயல் என்று நான் நினைக்கவில்லை. முதலில் போன படத்துக்கு ஒரு பெயரும் முகவரியும் இருந்தன. வர முடியாத ஒருவருக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தது போல அது. கடைசிப் படம் யாருக்கென்று கேட்டால் அந்த அம்மாவாலேயே சொல்ல முடியாது. போனில் எண் இருக்கிற கேஸ் சிலிண்டர்காரர், சீட்டுப் பிடிக்கிறவர், மனை புரோக்கர், முன்பு வேலை பார்த்த கடையின் மேனேஜர் எல்லாருக்கும் அது போயிற்று. மேடைக்கு முன்னால் படம் எடுப்பதைத் தடுக்கும் விதி முதல் செயலைத்தான் தடுக்கிறது. இரண்டாவதை அதனால் தொட முடியாது.

அந்த விதியைப் போடுகிற பள்ளிகளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்று சில பள்ளிகள் மனதாரச் சொல்கின்றன. வேறு சில இடங்களில் விழா ஆல்பம் எடுக்க ஒரு ஸ்டுடியோவோடு ஒப்பந்தம் இருக்கும். பெற்றோர் காசு கொடுத்து அந்தப் படத்தை வாங்க வேண்டும். எப்படியிருந்தாலும், பெற்றோரின் கையை இறக்கச் சொன்ன அதே பள்ளியின் முகநூல் பக்கத்தில் மறுநாள் காலை நூறு படங்கள் ஏறியிருக்கும். எந்தப் பெற்றோரையும் கேட்காமல், சில நேரம் பெயரும் வகுப்பும் சேர்த்து. அட்மிஷன் விளம்பரத்துக்கு அதே படங்கள் ஜூன் வரை வேலை செய்யும்.

பிள்ளையின் முகத்தை விளம்பரமாக்குவதில் எங்கள் மாவட்டங்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் பெருகிய காலத்தில், கோழிப் பண்ணை ஊர் என்பதால் அவற்றுக்கு 'பிராய்லர் பள்ளி' என்றே பெயர் விழுந்தது. ப்ளஸ் டூ முடிவு வரும் நாளில் மாநில முதலிடம் யார் என்று மாநிலமே இந்தப் பக்கம் பார்க்கும். முடிவு வந்த அன்றே பேருந்து நிலையத்தைச் சுற்றி ஃபிளெக்ஸ் எழும். 1200-க்கு 1180, 1190 என்று எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கு மேலும் பாஸ்போர்ட் படத்துக்காக எடுத்த, தூக்கம் கெட்ட ஒரு முகம். வெயிலிலும் மழையிலும் நைந்து, கிழிந்து, அடுத்த ஆண்டு முகம் வந்து மறைக்கும் வரை அது அங்கேயே தொங்கும். அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டியிருந்தது என்று கேட்டவர் யாருமில்லை. பெற்றோருக்குப் பெருமை, பள்ளிக்கு அட்மிஷன். அந்த வரிசையில் இடம் பெறாத பிள்ளைகள் அதே பேருந்து நிலையத்தில் அதே ஃபிளெக்ஸுக்குக் கீழே நின்று பஸ் ஏறினார்கள். 2017 மே மாதம், கே.ஏ. செங்கோட்டையன் அமைச்சராகவும் த. உதயச்சந்திரன் செயலராகவும் இருந்தபோது, ரேங்க் பட்டியல் வெளியிடும் வழக்கத்தைப் பள்ளிக் கல்வித் துறை கைவிட்டது. அது நல்ல முடிவு. ஃபிளெக்ஸ் முழுதாகப் போய்விடவில்லை. நீட் மதிப்பெண்ணோடு திரும்பி வந்திருக்கிறது. என்றாலும், பிள்ளையின் வெற்றியை ஊருக்குக் காட்டியே ஆக வேண்டும் என்பது இயற்கை விதியல்ல, நாம் ஏற்படுத்திக்கொண்ட பழக்கம் என்று ஓர் அரசாணையே சொன்னது போல எனக்குப் பட்டது.

இப்போது அந்தப் படத்தில் தெளிவாக விழுந்த பக்கத்துப் பிள்ளையிடம் வருகிறேன். பள்ளி விழாப் படம் எதிலும் ஒரு பிள்ளை மட்டும் இருப்பதில்லை. நம் பிள்ளையை நாம் எடுக்கிறோம் என்று நினைக்கிறோம். கூடவே நமக்கு முன்பின் தெரியாத ஐந்தாறு வீட்டுக் கதைகளும் படத்துக்குள் வந்துவிடுகின்றன.

அந்தக் கதைகள் இந்த மண்ணில் லேசானவை அல்ல. பெண் சிசுக் கொலை ஊரறிந்த துயரமாக இருந்த காலத்தில், 1992-இல், தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல் அப்போது சேலத்தின் பகுதி. தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997-இல். பெயர் சொல்லாமல் ஒரு தாய் தொட்டிலில் விட்டுப் போகலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற வாக்குறுதியின் மேல்தான் அந்தத் திட்டமே நின்றது. அப்படி வந்த பிள்ளைகள் தத்துப் போய், வளர்ந்து, ஏதேதோ ஊர்களில் பள்ளி மேடை ஏறியிருப்பார்கள். தன் கதையை எப்போது, யாரிடம் சொல்வது என்பது தத்துப் பிள்ளையும் வளர்த்தவர்களும் முடிவு செய்ய வேண்டியது. அடுத்த வீட்டாரின் ஸ்டேட்டஸ் அதை முடிவு செய்யக் கூடாது.

2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ் சாதியின் பெயரால் கடத்திக் கொல்லப்பட்டார்; பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. சாதி கடந்து மணம் செய்துகொண்டவர்கள் ஊர் மாறி, வேலை மாறி, உறவுகள் கண்ணில் படாமல் வாழ்வதற்குக் காரணம் கற்பனைப் பயமல்ல. அவர்களும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிறார்கள். அந்தப் பிள்ளையும் மயில் வேஷம் போடும். மேடையின் பின்னணியில் பள்ளியின் பெயரும் ஊரும் பெரிய எழுத்தில் இருக்கும். குடித்துவிட்டு அடிக்கிற கணவனிடமிருந்து பிரிந்து, முகவரி சொல்லாமல் வேறு ஊருக்கு வந்து தறி ஓட்டிப் பிழைக்கிற ஒரு தாய்க்கும் இதே கவலைதான். "எம் புள்ளையப் படம் எடுக்காதீங்க" என்று இவர்கள் எழுந்து நின்று சொல்ல முடியாது. சொன்னாலே ஏன் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைத் தவிர்ப்பதற்காகத்தானே அவர்கள் இவ்வளவு தூரம் வந்தார்கள்.

முகம் ஒரு முறை பொதுவெளிக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு சேலம் மாவட்டம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2016-இல் இங்கே ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி முகநூலில் போட்டார்கள். அந்த அவமானத்தை அவள் உயிரோடு கடக்கவில்லை. அப்போது அப்படி ஒட்டுவதற்கு ஓரளவாவது கைவேலை தெரிய வேண்டும். இன்றைக்கு ஒரு தெளிவான முகமும் ஒரு செயலியும் போதும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பது போட்டவருக்குத்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவருக்கு மறைவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் அந்தரங்க உரிமையை வரையறுத்த முக்கியத் தீர்ப்புகளில் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் வந்தது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடலாமா என்ற வழக்கு அது. 1994 அக்டோபரில் நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பு பத்திரிகைச் சுதந்திரத்தின் பக்கம் நின்றது. பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிடலாம் என்றது. கூடவே, ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை, குழந்தைப்பேறு, கல்வி ஆகியவற்றைப் பற்றி அவர் சம்மதமில்லாமல் வெளியிட யாருக்கும் உரிமையில்லை என்றும் சொன்னது. அந்தப் பட்டியலில் கல்வியும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டது சேலம் மத்திய சிறையில். தனியாக விடப்படும் உரிமை என்று நாட்டின் சட்டம் எதைச் சொல்கிறதோ அது, யாரும் இரக்கப்படாத ஒரு கொலைக் கைதியின் வழக்கில் தெளிவு பெற்றது. அவருக்குப் பொருந்துகிற உரிமை மயில் வேஷம் போட்ட ஆறு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாமல் போக முடியாது.

2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். அந்த அமர்வில் இருந்த சஞ்சய் கிஷன் கவுல் அதற்கு முன் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர். தன் தனித் தீர்ப்பில் அவர் குழந்தைகளை நினைவில் வைத்திருந்தார்: எழுத்துப் பழகும் வயதிலேயே இணையத்தில் அழியாத தடம் பதிக்கிற பிள்ளைகள், அந்த வயதின் அறியாமைக்காக வாழ்நாள் முழுக்க விலை கொடுக்கக் கூடாது என்பது அவர் கருத்து. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. குழந்தையின் தரவைக் கையாள்வதற்குமுன் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும் என்கிறது. 2025 நவம்பரில் விதிகளும் வந்து, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தன் வீட்டுத் தேவைக்காக ஒருவர் செய்வதை அந்தச் சட்டம் தொடுவதில்லை. ஆக, அப்பாவுக்கு அனுப்ப அம்மா எடுத்த படத்தில் குற்றம் ஒன்றுமில்லை. சம்மதம் வாங்காமல் நூறு படம் ஏற்றுகிற பள்ளிதான் இனி பதில் சொல்ல வேண்டியிருக்கும். பிரிட்டனில் தகவல் ஆணையர் அலுவலகம் இதையேதான் சொல்லி வருகிறது: குடும்ப ஆல்பத்துக்காகப் பெற்றோர் எடுப்பதைத் தரவுச் சட்டத்தின் பெயரைச் சொல்லித் தடுக்காதீர்கள் என்று.

சட்டத்தின் அளவில் விடை இவ்வளவுதான். பெற்றோர் எடுக்கலாம், பள்ளி கேட்டுவிட்டுத்தான் வெளியிட வேண்டும். என் மனம் இதில் நிறைவடையவில்லை. இந்த விடையில் பெற்றோர் இருக்கிறார்கள், பள்ளி இருக்கிறது, அரசு இருக்கிறது. படத்தில் இருப்பவரைக் காணோம்.

உறவில் ஒரு பெண் பிள்ளை, எட்டாம் வகுப்பு. அப்பா போர் வண்டியோடு வடக்கே இருப்பவர். பள்ளி நாடகத்தில் கிழவி வேஷம் கட்டியிருந்தாள். தலையில் பவுடர் கொட்டி, கண்டாங்கி கட்டி, வெற்றிலை மெல்லுவது போலக் கன்னத்தை உப்பிக்கொண்டு, ஐநூறு பேருக்கு முன்னால் கூன் போட்டு நடந்து கைத்தட்டல் வாங்கியவள். வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மா எடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். போனை எட்டிப் பார்த்த பிள்ளையின் முகம் மாறிவிட்டது.

"அம்மா, இத ஸ்டேட்டஸ்ல போடாத."

"ஏங் கண்ணு, நல்லாத்தான இருக்குது? ஊரே பாத்துக் கைதட்டுச்சு, இப்ப என்ன வெக்கம்?"

"எங்க கிளாஸ் புள்ளைங்க அம்மாங்க எல்லாருகிட்டயும் உன் நம்பர் இருக்குது. நாளைக்கு எல்லாரும் கிழவின்னுதான் கூப்புடுவாங்க. அப்பாவுக்கு அனுப்பு. அப்பாவுக்கு மட்டும்."

அவள் கேட்டது முன்னுக்குப்பின் முரண் என்று அம்மாவுக்குத் தோன்றியது. எனக்கு அதில் முரண் தெரியவில்லை. மேடையில் பார்த்த ஐநூறு பேரும் நாடகம் பார்க்க வந்தவர்கள். கதையின் தொடக்கமும் முடிவும் அவர்களுக்குத் தெரியும். அவள் கூன் எதற்கு என்று தெரியும். திரை விழுந்ததும் கிழவி போய்விட்டாள், பிள்ளை திரும்பி வந்துவிட்டாள். அந்தத் திரையின் பாதுகாப்பில்தான் ஒரு பிள்ளை கூச்சத்தை விட்டு வேறொருத்தியாக மாறத் துணிகிறாள். ஸ்டேட்டஸில் போகும் படத்தில் கதை இல்லை, கூனுக்குக் காரணம் இல்லை, விழுவதற்குத் திரையும் இல்லை. இவ்வளவையும் அவள் விளக்கிச் சொல்லவில்லை. ஆனால் யார் பார்க்கலாம், யார் பார்க்க வேண்டாம் என்ற கோட்டைத் துல்லியமாகப் போட்டாள். சட்டமும் பள்ளி அறிவிப்பும் போடத் திணறுகிற கோடு அதுதான்.

படம் ஸ்டேட்டஸில் ஏறியது. பிள்ளை அழுத பிறகு அரை மணி நேரத்தில் இறங்கியது. அம்மா கெட்டவர் அல்ல. பெருமை தாங்காமல் செய்தார். "நான் பெத்த புள்ள, நான் போடக் கூடாதா?" என்று அவர் கேட்டதில் பாசம்தான் இருந்தது. அடுத்த ஆண்டு நாடகத்துக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது அந்தப் பிள்ளை மறுத்துவிட்டாள்.

இந்தப் பள்ளிகளின் சுவர்களில் 1098 என்றும் 14417 என்றும் உதவி எண்கள் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வகுப்பில் பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் சொல்லிக் கொடுக்கிறார்கள். உன் உடம்பு உன்னுடையது. உனக்குப் பிடிக்காததை யார் செய்தாலும், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், 'வேண்டாம்' என்று சத்தமாகச் சொல். நம்பிக்கையான பெரியவரிடம் போய்ச் சொல். போக்சோ சட்டம் வந்த 2012-க்குப் பிறகு இந்தப் பாடம் மெல்ல மெல்லக் கிராமப் பள்ளி வரை வந்திருக்கிறது. நம் தலைமுறைக்குக் கிடைக்காத பாடம். அந்தப் பிள்ளையும் அதைப் படித்தவள்தான். முகம் உடம்பில் சேராதா? அவள் 'வேண்டாம்' என்று சத்தமாகத்தான் சொன்னாள். நம்பிக்கையான பெரியவரிடம்தான் சொன்னாள். அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே விரலை அழுத்தினார்.

பிள்ளையின் 'வேண்டாம்' முதன்முதலில் சோதிக்கப்படும் இடம் ஏதோ இருட்டுச் சந்து அல்ல. அன்பு நிறைந்த வீட்டுக் கூடத்தில், ஒரு சின்ன விஷயத்தில், தன்னை உயிராக நேசிக்கிற ஒருவரிடம்தான் அது சோதிக்கப்படுகிறது. அங்கே அந்தச் சொல் வேலை செய்தால், வேலை செய்கிற சொல் ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். அங்கே அது தோற்றால், இன்னொரு நாள், இன்னொருவரிடம், நிஜமான ஆபத்தில் அதைச் சொல்ல அதற்குக் குரல் எங்கிருந்து வரும்? பள்ளி விழாப் படத்தை அற்ப விஷயம் என்று தள்ள முடியாமல் என்னைப் பிடித்து வைத்திருப்பது இதுதான். படத்தால் வரும் தீங்கு வராமலே போகலாம்; பெரும்பாலும் வராது. சொல் செல்லாமல் போன தீங்கு அந்தக் கூடத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

பெற்றோரின் சம்மதம் என்று சட்டம் சொல்வதை நாம் பெற்றோரின் உரிமை என்று படித்துக்கொள்கிறோம். பிள்ளை சார்பில் தற்காலிகமாக நம்மிடம் ஒப்படைத்திருக்கிற பொறுப்பு அது. 18 வயது நிறையும் அன்று அவளே கேட்கலாம்: என் பெயரில் எதையெல்லாம் யாருக்கெல்லாம் கொடுத்தாய்? பிரான்ஸ் நாடு 2024 பிப்ரவரியில் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தது. பிள்ளையின் பட உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காக்க வேண்டும். வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பப் பிள்ளையையும் அந்த முடிவில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. அது வெளிநாட்டுச் சங்கதி என்று ஒதுக்க வேண்டியதில்லை. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்து மதிக்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்று சொல்கிற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது 1992 டிசம்பரில். சேலத்தில் தொட்டில் வைத்த அதே ஆண்டு. உயிரோடு இருக்கும் உரிமையே போராட்டமாக இருந்த இடத்தில் முகத்தின் உரிமை பற்றிப் பேச அன்றைக்கு யாருக்கும் நேரம் இருந்திருக்காது. இன்றைக்கு இருக்கிறது.

பள்ளிகள் பெற்றோரின் கையை இறக்கச் சொல்ல வேண்டாம் என்பதே என் தீர்மானம். எடுப்பதற்கு நல்ல வழி செய்து கொடுக்கட்டும். நடனம் முடிந்து இறங்கும் பிள்ளைகளை வேஷம் கலைப்பதற்கு முன் கால் மணி நேரம் மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தினால், அவரவர் பிள்ளையை அவரவர் தனியாக எடுத்துக்கொள்வார்கள். மகுடத்தைச் சரி செய்துவிட்டு, கலங்காமல், பக்கத்துப் பிள்ளை படத்துக்குள் வராமல். ரிக் வண்டியில் இருக்கும் அப்பாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டு நேரிலேயே காட்டிவிடலாம். பள்ளி எடுக்கும் மேடைப் படங்கள் அந்தந்த வீட்டுக்குப் போகட்டும். முகநூலுக்குப் பெயரும் வகுப்பும் இல்லாமல், தூரத்திலிருந்து எடுத்த மேடைக் காட்சி ஒன்றிரண்டு போதும். அரசுப் பள்ளிகளில் இதைப் பேச ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிக்குக் குறையாமல் பெண்கள். சுற்றுச்சுவரையும் கழிப்பறையையும் பேசும் கூட்டத்தில் இதையும் பத்து நிமிடம் பேசலாம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளில் அப்படி ஒரு குழு கட்டாயமில்லை. அங்கே பெற்றோர்தான் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் அட்மிஷன் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒத்திகையின் கடைசி நாளில் ஆசிரியர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, உன் படம் யாருக்குப் போகலாம் என்று எழுதச் சொல்வது. எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைகளிடம் வாயால் கேட்பது. எங்கே வேண்டுமானாலும் போடுங்கள் என்று பெரும்பாலான பிள்ளைகள் குதூகலமாகச் சொல்லும். அம்மாவுக்கும் ஆயாவுக்கும் மட்டும் என்று சில பிள்ளைகள் எழுதும். ஒன்றிரண்டு பிள்ளைகள் யாருக்கும் வேண்டாம் என்று எழுதும். அந்தத் தாள்களை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டு, காரணம் கேட்டு நச்சரிக்காமல், பிள்ளையை மேடையின் பின்வரிசைக்குத் தள்ளாமல், போட்டோகிராபரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு ஒரு மத்தியான இடைவேளையில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்று கேட்கலாம். சொல்வதற்கு ஏதாவது இருந்தால் அது தானாகச் சொல்லும்.